சுண்ணாம்புச் சுவரைக் காக்கப் பிறந்த பள்ளி

பஞ்சை விரலிடையே வைத்து இழுத்துப் பார்த்து, இழை நீளமா குட்டையா, தூசு மிகுதியா, ஈரம் ஏறியிருக்கிறதா என்று நொடியிலே கூறிவிடும் கைகள் ராசபாளையத்தில் இருக்கின்றன. நூலைத் தொட்டே இது நாற்பது, இது அறுபது, இது எண்பது என்று நம்பர் சொல்லும் ஆலைத் தோழர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் வந்தால் திருவில்லிபுத்தூர். அங்கே பால்கோவாக் கடாயின் முன் நிற்பவர் கடிகாரம் பார்ப்பதில்லை. கரண்டி நகரும் கனத்தைக் கொண்டும், எழும் மணத்தைக் கொண்டும், இதுவே பதம் என்று இறக்கி விடுகிறார்.

இந்த அறிவை எந்தப் பள்ளி அவர்களுக்குத் தந்தது? எந்தப் பள்ளியும் தரவில்லை. பத்தாண்டு உழைப்பு தந்தது, இருபதாண்டு வியர்வை தந்தது. மெத்தப் படித்தவர்களோ இதனை அறிவு என்றே ஒப்புவதில்லை. கைப்பழக்கம் என்று கூறி ஒதுக்கி விடுவார்கள். ஏட்டைப் புரட்டினால் அறிவு, இழையைப் புரட்டினால் பழக்கம்! நல்ல நியாயம்!

தொட்டுப் பார்ப்பது, தூக்கிப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவது, வகை பிரிப்பது, பிரித்ததற்குப் பெயர் சொல்வது — அறிவு என்னும் கட்டடத்துக்கு அடிவாரமே இதுதான். மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலில் இதைத்தான் கற்பிக்க வேண்டும் என்று உலகுக்கு எடுத்துக் காட்டியவர் ஒரு பெண்மணி. மரியா மாண்டிசோரி அம்மையார்.

பெயர் கேட்டதும் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். ஏனெனில் அந்தப் பெயர் இன்று பலகைகளில் தொங்குகிறது. பலகைக்குக் கீழே கட்டண விவரம் தொங்குகிறது. அது ஏதோ சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் படிப்பு என்றே ஆலைத் தொழிலாளி எண்ணிக் கொண்டிருக்கிறான். வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் என்று எண்ணிய தோழர் ஒருவரையும் நாம் அறிவோம். அந்தப் பெயரை எவர் வேண்டுமானாலும் எழுதி மாட்டிக் கொள்ளலாம், தடுப்பார் இல்லை. ஆகவேதான் அந்த அம்மையார் யார், யாருடைய பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்தார் என்பதை நாம் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தாலி நாட்டில், அங்கோனா நகருக்கருகே கியாரவல்லே என்னும் சிற்றூரில், 1870 ஆகஸ்டு 31இல் பிறந்தவர் மரியா. தந்தை அலெசாந்திரோ, அரசுப் புகையிலைத் தொழிற்சாலையில் பணிபுரிந்த அலுவலர். தாய் ரெனில்டே, அந்நாளில் பெண்களிடம் அரிதாகக் காணப்பட்ட அளவுக்குப் படித்தவர். மரியா சிறு பெண்ணாக இருந்தபோதே குடும்பம் ரோம் நகருக்குக் குடியேறியது. பெண் படித்தால் பள்ளி ஆசிரியை ஆகலாம், அதற்குமேல் அவளுக்கு என்ன வேலை என்று எண்ணிய காலம். நம் நாட்டில் மட்டும்தான் அப்படி என்று எண்ண வேண்டாம். வைதீகம் எல்லா நாட்டிலும் ஒரே முகத்தோடுதான் இருந்திருக்கிறது. இந்தப் பெண்ணோ ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியிலே போய் உட்கார்ந்தாள். பொறியியல் படிக்கப் போகிறேன் என்றாள். பிறகு மனம் மாறி, மருத்துவம் என்றாள். தந்தைக்குப் பிடிக்கவில்லை. தாய் துணை நின்றார்.

ரோம் பல்கலைக் கழகத்திலே மருத்துவம் படித்த நாட்களில் மரியா பட்ட இழிவு கொஞ்சமன்று. பிணத்தை அறுத்துப் பயிலும் வகுப்பிலே ஆண்களோடு ஒரு பெண் நிற்பது ஒழுக்கக் கேடாம்! எல்லாரும் போன பிறகு, மாலை வேளையில், பிணங்களோடு தனியே அடைபட்டு அவர் அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியிருந்தது. நாற்றம் தாளாமல் சுருட்டுப் புகையை நாடினார் என்பர். 1896 ஜூலையில் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் இவரே என்று மேடைகளில் முழங்குவதுண்டு. அது சரியன்று, இவருக்கு முன்பே சிலர் பட்டம் பெற்றிருந்தனர். உண்மையே போதுமான அளவு பெரிதாக இருக்கும்போது, அதற்கு மேலும் ஜிகினா எதற்கு?

அதே 1896இல் பெர்லின் நகரிலே கூடிய அனைத்துலகப் பெண்கள் மாநாட்டுக்கு இத்தாலியின் சார்பில் சென்றார். அங்கே அவர் எழுந்து பேசியது எதைப் பற்றி? குழந்தைகளைப் பற்றியன்று, கூலியைப் பற்றி! ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும் என்று வாதாடினார். ஆலையிலே பணிபுரியும் நம் சகோதரிகள் இதனைக் குறித்து வைத்துக் கொள்ளட்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதற்குப் பத்தாண்டு முன்னரே அந்த அம்மையார் தொழிலாளிப் பெண்ணுக்காகக் குரல் கொடுத்தவர்.

பட்டம் பெற்றபின் மனநல மருத்துவத்தில் ஈடுபட்டார். ரோம் நகரத்துப் பைத்தியக்கார விடுதிகளுக்குப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. அங்கே பெரியவர்களோடு சேர்த்து அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். வெறும் சுவர், வெறும் தரை. சோறு உண்டான பிறகு அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துகள்களைப் பொறுக்குவார்களாம். பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அது அருவருப்பு. பசிப் பேராசை என்று பழித்தாள். மரியா கூர்ந்து பார்த்தார். அந்த அறையிலே கையால் தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க, வேறு ஒரு பொருளும் இல்லை! துகள்கள்தான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பொருள். பசித்தது வயிறன்று, விரல்கள் என்று அவருக்கு விளங்கிற்று.

அவருக்கு முன்பே பிரெஞ்சு நாட்டில் இத்தார், செகுவேன் என்ற இரு மருத்துவர்கள், காது கேளாத, அறிவு மந்தமான பிள்ளைகளுக்குப் புலன்கள் வழியே பயிற்சி தந்து பார்த்திருந்தார்கள். அவர்களுடைய நூல்களைத் தேடிப் படித்தார். 1900இல் தொடங்கிய சிறப்புப் பள்ளியொன்றில் தாமும் பொறுப்பேற்று, மரக்கட்டைகளும் துணிகளும் எழுத்து வடிவங்களும் கொண்டு அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். சிலர் எழுதப் படிக்கக் கற்று, சாதாரணப் பிள்ளைகள் எழுதும் தேர்வை எழுதித் தேறினார்கள். நாடு வியந்தது. அவர் வேறொன்றைக் கேட்டார்: மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளையே இவ்வளவு முன்னேற முடியுமானால், நன்றாக இருக்கும் பிள்ளைகளைப் பள்ளிகள் எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்க வேண்டும்?

இந்த இடத்தில் அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி ஒரு சொல். உடன் பணியாற்றிய மருத்துவர் மொந்தேசானோ என்பாருக்கும் அவருக்கும் 1898இல் ஓர் ஆண்மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. மணந்தால் மருத்துவத்தை விட்டு அடுப்படிக்குப் போக வேண்டும், மணக்காமல் குழந்தையைக் கையில் ஏந்தினால் ஊர் தூற்றும் — அந்நாள் சமுதாயம் பெண்ணுக்கு வைத்த வழிகள் அவ்வளவுதான். பிள்ளையை ஊருக்கு வெளியே ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்துவிட்டு, உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தாயாக நடமாடினார். மகன் மாரியோ இளைஞனான பிறகுதான் தாயிடம் வந்து சேர்ந்தான். அப்போதும் உறவுப் பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை என்றுதான் வெளியிலே சொல்லப்பட்டது. தாலியைக் கொண்டே தாய்மையை அளக்கும் கூட்டம் இதைக் கேட்டு மூக்கில் விரல் வைக்கலாம். நாம் வைக்க மாட்டோம்.

இனி, சுவர் கதைக்கு வருவோம்.

ரோம் நகரிலே சான் லொரென்சோ என்று ஒரு பேட்டை. கட்டடத் தொழில் பொங்கி எழுந்து பின்பு பொத்தென்று விழுந்த காலத்தில் பாதியில் நின்ற மாடிகள். அவற்றிலே அடைந்து கிடந்த ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள். ஒரு கட்டடக் கம்பெனி அவற்றை வாங்கிப் பழுது பார்த்து, வெள்ளையடித்து, வாடகைக்கு விட்டது. தாயும் தந்தையும் விடிந்ததும் வேலைக்குப் போய் விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஏறி இறங்கி, புதிதாக அடித்த சுண்ணாம்புச் சுவரிலே கரியால் கிறுக்கித் தள்ளினார்கள். வீட்டுக்காரருக்கு வயிற்றெரிச்சல்! திரும்பத் திரும்ப வெள்ளையடிக்கச் செலவாகிறதே! இந்த வாண்டுகளை ஓர் அறையில் அடைத்து மேய்க்க ஓர் ஆளை வைத்தால் சுண்ணாம்புச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். மேற்பார்வைக்கு மாண்டிசோரி அம்மையாரை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6ஆம் நாள், மார்சி தெருவில் 58ஆம் எண் கட்டடத்தில், குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. மூன்று முதல் ஆறேழு வயது வரையுள்ள ஐம்பது அறுபது பிள்ளைகள். அழுத கண்ணும் அழுக்குச் சட்டையுமாக வந்து நின்றார்கள். இன்று உலகெங்கும் உயர்குடிப் பிள்ளைகள் பயிலும் முறை பிறந்த இடம் இது! தொழிலாளியின் பிள்ளைக்காகப் பிறந்தது என்று சொன்னால்கூடக் குறைதான். தொழிலாளியின் பிள்ளையிடமிருந்து சுவரைக் காப்பாற்றப் பிறந்தது.

கம்பெனி சுவரைப் பார்த்தது. அம்மையார் பிள்ளைகளைப் பார்த்தார்.

அங்கே அவர் வைத்த சாமான்கள் எளியவை. பத்துக் கன சதுரக் கட்டைகள், எல்லாம் ஒரே நிறம். பெரியது பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர், சின்னது 1 சென்டிமீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கோபுரம். பத்துப் பட்டைக் கட்டைகள், எல்லாம் ஒரே நீளம், தடிமன் மட்டும் வேறு. பத்துக் கோல்கள், 10 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை, நீளம் மட்டும் வேறு. உருளைகளைக் குழிகளில் பொருத்தும் பலகைகள் நான்கு. தொட்டுப் பார்க்க உப்புத்தாளும் வழுவழுப்பான அட்டையும். துணிப் பெட்டி: பட்டு, பருத்தி, கம்பளி என்று இணை இணையாக. கண்ணைக் கட்டிக்கொண்டு விரலாலேயே எதற்கு எது இணை என்று சேர்க்க வேண்டும். ஒரே அளவில் எடை மட்டும் மாறும் மரத் துண்டுகள். ஆட்டினால் ஓசை மாறும் குப்பிகள். நிறத் தகடுகள், பின்னாளில் வந்த பெரிய பெட்டியில் 9 நிறங்கள், ஒவ்வொன்றிலும் 7 சாயல்கள், ஆக 63.

இவற்றின் உள்ளே இருக்கும் சூட்சுமத்தை நம் தோழர்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பிள்ளையிடம் பெரிய சிவப்புப் பந்து ஒன்றையும் சின்ன மஞ்சள் டப்பா ஒன்றையும் கொடுத்து, இது பெரிது, அது சிறிது என்று சொன்னால், அது எதைப் பிடித்துக் கொள்ளும்? பெரிது என்றால் சிவப்பு என்று நினைக்கலாம். உருண்டை என்றும் நினைக்கலாம். பாவம், பிள்ளை குழம்பும். நாம் மண்டு என்று திட்டுவோம். ஆகவே மற்ற எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்து, ஒரு குணத்தை மட்டும் மாற்று என்றார் அம்மையார். நிறம் ஒன்று, வடிவம் ஒன்று, அளவு மட்டும் வேறு. அப்போது பிள்ளையின் கண் அந்த ஒன்றின்மேல் போய் நிற்கும். ஆலைப் பேச்சில் சொல்வதானால், ஒரே மாதிரிப் பாபின்கள் பத்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் நூலை மட்டும் கூட்டிக் குறைத்துச் சுற்றி, வரிசைப்படுத்து என்று பிள்ளையிடம் கொடுப்பது போல.

பிறகுதான் சொல். முதலில், இது வழவழ, இது சொரசொர என்று தொட வைத்துப் பெயர் சொல்வார். அடுத்து, சொரசொரப்பானதை எடுத்துக் கொடு என்பார். கடைசியாக, ஒன்றைக் காட்டி இது எப்படி இருக்கிறது என்று கேட்பார். மூன்றே படி. இரண்டாம் படியில் பிள்ளை தடுமாறினால் திட்டுவதில்லை, திருத்துவதும் இல்லை; பாடத்தை நிறுத்திவிட்டு வேறொரு நாள் தொடங்குவார். பிரெஞ்சு மருத்துவர் செகுவேன் கண்ட முறை அது, இவர் செம்மைப்படுத்தினார். பொருள் முதலில், சொல் பின்னால். நம் பள்ளிகளிலோ எத்தனை காலம் சொல் மட்டும் வந்து கொண்டிருந்தது! பொருள் வரவே இல்லை.

தமிழிலே இதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? வழவழப்பு, சொரசொரப்பு, கொழகொழப்பு, மொறமொறப்பு, பிசுபிசுப்பு, வெதுவெதுப்பு, சில்லிப்பு — விரல் உணர்ந்ததை அப்படியே ஓசையாக்கித் தரும் சொற்கள். இவற்றை விட்டுவிட்டு, பொருளும் புரியாத, ஓசையும் பழகாத அன்னிய மொழிச் சொல்லை மூன்று வயதுப் பிள்ளையின் வாயிலே திணித்து, அதற்கு இந்த அம்மையாரின் பெயரையும் சூட்டுகிறார்களே, அதைத்தான் நாம் பொறுக்க முடியவில்லை. பிறந்த நாள் முதல் சூழ்ந்திருப்பவர் பேசும் மொழியைக் குழந்தை தானாகவே ஈர்த்துக்கொள்கிறது என்பது அவர் தம் கடைசி நூல்களுள் ஒன்றில் விரிவாக எழுதிய கருத்து. அந்த நூல் 1949இல் முதலில் வெளிவந்த இடம் நம் சென்னைதான்.

இன்னொரு சிறப்பு. உருளைப் பலகையில் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒன்றைத் தவறான குழியில் போட்டால் கடைசி உருளை எங்கும் பொருந்தாமல் கையில் நிற்கும். பிரம்பு வேண்டாம், அதட்டல் வேண்டாம். தவறு என்பதைக் கட்டையே சொல்லிவிடுகிறது! பிள்ளை எல்லாவற்றையும் எடுத்து மறுபடி போடுகிறது. வாத்தியார் சொன்னார், அதனால் சரி. சாத்திரம் சொன்னது, அதனால் சரி என்ற பேச்சுக்கு அங்கே இடமேயில்லை. பகுத்தறிவு என்று நாம் மேடையிலே நாற்பது நிமிடம் பேசுவதை ஒரு மரப்பலகை நாற்பது வினாடியில் கற்றுத் தருகிறது. அம்மையார் நம்மைப் போல் பகுத்தறிவு இயக்கத்தவர் அல்லர். கடைசி வரை கத்தோலிக்கப் பற்று உடையவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையின் முன்னே அவர் வைத்தது சான்று, ஆணை அன்று.

நிறத்தால் பிரிக்கலாம், எடையால் பிரிக்கலாம், மணத்தால் பிரிக்கலாம் — அந்தப் பிள்ளைகள் பிரித்தார்கள். பெரியவர்களாகிய நாம் இங்கே மனிதரைப் பிரித்து வைத்திருக்கிறோமே, எந்தக் குணத்தைக் கொண்டு? கண் காணாத, மூக்கு முகராத, விரல் தொட்டு அறிய முடியாத ஒன்றைக் கொண்டல்லவா! கண்ணைக் கட்டி ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் கையில் இரண்டு பேர் உள்ளங்கைகளைக் கொடுங்கள். உழைத்த கை எது, உழைக்காத கை எது என்று சொல்லும். சாதியைச் சொல்லாது.

கையைப் பற்றிப் பேசும்போது ஓர் ஐயம் எழலாம். கைவேலை, கைப்பயிற்சி என்று சொல்லித்தானே 1953இல் ஆச்சாரியார் அரை நாள் படிப்பு, அரை நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார்? அதை நம் இயக்கம் தெருவுக்கு வந்து எதிர்த்ததே, 1954இல் காமராசர் அதைக் கைவிட்டாரே, இங்கே மட்டும் கைப்பயிற்சியைப் புகழ்வானேன் என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றல்ல, தோழர்களே! குலக்கல்வி, கையைப் பிறப்போடு கட்டிப் போட்டது: நெசவாளி மகன் கை தறிக்கு, சலவையாளர் மகன் கை துறைக்கு. சான் லொரென்சோவில் கொத்தன் மகன் கட்டையை அடுக்கியது கொத்தனாவதற்கல்ல. நீளத்தை அறிந்து கணக்குக்குப் போக, வடிவத்தை அறிந்து எழுத்துக்குப் போக. அந்தப் பத்துக் கோல்களே எண்ணுக்கு வழி. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைத் தடவிய விரலே எழுதும் விரல். ஒரு நாள் மாடித் தளத்தில் ஒரு சிறுவனிடம் சுண்ணக்கட்டி கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார் அம்மையார். வரைந்தான், வரைந்த கையோடு திடீரென்று எழுத்துகளையும் எழுதத் தொடங்கிவிட்டான். எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று துள்ளினான். சுற்றியிருந்த பிள்ளைகளும் சுண்ணக்கட்டி கேட்டு ஓடி வந்தார்கள். சுவரில் கிறுக்கக் கூடாது என்று அடைத்து வைக்கப்பட்ட பிள்ளைகள் அல்லவா! எழுதியே விட்டார்கள்.

அந்தப் பள்ளியின் கதைகளிலே நமக்கு மிகவும் பிடித்தது மூக்குச் சிந்தும் பாடம். கைக்குட்டையால் ஓசையின்றி மூக்கைத் துடைப்பது எப்படி என்று அம்மையார் ஒரு நாள் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. முடித்ததும் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். ஏன்? மூக்கு ஒழுகுகிறது, சனியனே என்று ஆயிரம் முறை ஏசப்பட்ட பிள்ளைகள் அவர்கள். எப்படித் துடைப்பது என்று ஒருவர்கூட அதுவரை கற்றுத் தந்ததில்லை.

மற்றொன்று, பீரோ கதை. சாமான்களை ஆசிரியை பீரோவில் பூட்டி வைத்து, தாமே எடுத்துக் கொடுப்பது வழக்கம். ஒரு நாள் பூட்ட மறந்தார். வந்து பார்த்தால், பிள்ளைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வைத்து வேலை செய்து கொண்டிருந்தார்கள். திருட்டு என்றார் ஆசிரியை. தேர்வு என்றார் அம்மையார். அன்று முதல் பீரோ போய், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வந்தன.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு முதலில் வயிறு, பிறகு பாடம் என்ற உண்மையைச் செய்து காட்டியது நம் நாடு. 1920இல் நீதிக் கட்சியின் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் சோறு போட்டதில் தொடங்கி, காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் சத்துணவு, 1989இல் கலைஞர் போட்ட முட்டை, 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு வரை அது ஒரே தொடர். 1975இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இன்று தமிழகத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கற்பிக்கும் முறையிலும் அசைவு இல்லாமல் இல்லை: 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி 2007இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், 2019இல் 2381 அங்கன்வாடிகளில் மாண்டிசோரி முறை என்ற பெயரோடு வந்த மழலையர் வகுப்புகள், 2022இன் எண்ணும் எழுத்தும். யார் ஆட்சியில் வந்தது என்று பார்த்து நல்லதை நாம் மறைப்பதில்லை.

ஆயினும் ஒன்று சொல்வோம். நாம் பார்த்த ஒரு மையத்தில் — ஊரும் பேரும் வேண்டாம் — கட்டைகளும் வளையங்களும் நிறத் தகடுகளும் வந்திருந்தன, பீரோவுக்குள் இருந்தன, பீரோவில் பூட்டு இருந்தது. பணியாளர் மீது பழியில்லை. பொருள் ஒன்று குறைந்தால் கணக்கில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மதிப்பூதியத்தில் காலம் தள்ளும் அந்தச் சகோதரி எடை பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், கர்ப்பிணிகளைத் தேடிப் போக வேண்டும். பிள்ளைகள் கட்டையைத் தொலைப்பார்கள், தொலைக்கட்டும் என்று எழுதித் தரும் துணிவு மேலே இருப்பவர்களுக்கு வர வேண்டும். சாமான் இல்லையென்று சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. ராசபாளையத்திலே காலிக் கோன்களுக்கும் பாபின்களுக்கும் பஞ்சமா? சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி, காடாத் துணி, ஒரு துண்டு பட்டு. புளியங்கொட்டை, மாங்கொட்டை, ஆற்றுக் கூழாங்கல். ஒரு கிளைத் தோழர் ஒரு ஞாயிறு உட்கார்ந்தால் ஒரு மையத்துக்கு வேண்டியது சேர்ந்துவிடும். மர வேலைத் தோழர் ஒருவர் துணைக்கு வந்தால் பத்துக் கட்டைகளும் ஆகிவிடும். அளவு மட்டும் பிசகக் கூடாது.

சான் லொரென்சோவின் புகழ் பரவிற்று. 1909இல் முறையை விளக்கி நூல் எழுதினார். 1912இல் ஆங்கிலத்தில் வந்தது. 1913இல் அமெரிக்கா சென்றார். 1915இல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையில் பிள்ளைகள் வேலை செய்வதை மக்கள் கூட்டம் நின்று பார்த்தது. பிறகு அங்கே சில பேராசிரியர்கள் எதிர்த்து எழுத, மோகம் தணிந்தது.

இத்தாலியில் முசோலினி வந்தான். 1924 முதல் இவரது பள்ளிகளுக்கு அவன் ஆதரவு தந்தான், இவரும் ஏற்றார். பத்தாண்டு காலம் அந்தக் கொடியோனின் நிழலில் பள்ளி நடத்தியது இவர் வாழ்வில் ஒரு கறை என்பதே நம் கருத்து. பள்ளிக்காகத்தான் என்று சமாதானம் சொல்வார் உண்டு. சமாதானம் யாரிடம் இல்லை? ஆனால் ஆசிரியர்கள் பாசிசத்துக்கு உறுதிமொழி எடுக்க வேண்டும், பிள்ளைகள் பட்டாளச் சட்டை போட வேண்டும் என்ற நிலை முற்றியபோது இவர் வளையவில்லை. 1934இல் முறிவு. பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலே இட்லர் ஆட்சியும் மூடிற்று. தானே எடுத்து, தானே ஒப்பிட்டு, தானே முடிவு செய்யும் பிள்ளை சர்வாதிகாரிக்கு எதற்கு? ஸ்பெயினில் இருந்தார், 1936இல் உள்நாட்டுப் போர் விரட்டியது. ஆலந்து நாட்டில் அடைக்கலம் புகுந்தார்.

1939 நவம்பரில் சென்னைக்கு வந்தார், 69ஆம் வயதில், மகன் மாரியோவோடு. அழைத்தவர்கள் அடையாறு பிரம்மஞான சபையின் அருண்டேலும் ருக்மிணி தேவியும். அடையாறு என்றதும் நம் இயக்கத்து மூத்த தோழர்களின் புருவம் உயரும். அன்னி பெசண்டு அம்மையாருக்கும் நீதிக் கட்சிக்கும் நடந்த போர் அவர்களுக்குத் தெரியும். இருக்கட்டும். பகைவர் தோட்டத்தில் பழுத்தாலும் மாம்பழம் மாம்பழம்தான். அங்கே ஓலைக் கொட்டகைகளில், பாய் விரித்து உட்கார்ந்த சுமார் 300 பேருக்கு முதல் பயிற்சி நடந்தது. அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் சொன்னார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. உடனே பிரிட்டிஷ் ஆட்சிக்கு இவர்கள் பகை நாட்டார்! முசோலினியை விட்டு ஓடி வந்தவரை முசோலினியின் நாட்டவர் என்று காவலில் வைத்தது ஏகாதிபத்திய மூளை. மாரியோவை ஆமத்நகர் முகாமுக்கு அனுப்பினார்கள். அம்மையாரை அடையாற்றைத் தாண்டக் கூடாது என்றார்கள். இரண்டு மாதம் சென்று, அவருடைய எழுபதாம் பிறந்தநாளான ஆகஸ்டு 31இல், வைசிராய் மாரியோவை விடுவித்தார். பிறந்த நாளுக்குப் பரிசாக, பிடித்து வைத்த மகனையே திருப்பித் தந்த பெருந்தன்மை!

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். ராசபாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் நீளுகிறதே மலை, அதே தொடரின் கிளைதான் அது. அங்கே ஒரு சிறு பள்ளி. பிள்ளைகள் இலையும் பூவும் கல்லும் பொறுக்கி வந்தார்கள், வகை பிரித்தார்கள், பெயர் கேட்டார்கள். கட்டையில் தொடங்கிய பாடம் காட்டுக்குள் போயிற்று. செடி, விலங்கு, நிலம், மனிதன் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பெரிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அவரும் மகனும் அந்த மலையில்தான் உருவாக்கினார்கள். 1946இல் ஐரோப்பா திரும்பினார். அடுத்த ஆண்டே மீண்டும் வந்தார். அந்த ஆண்டுகளில் இந்நாட்டில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். 1949இல், ராசபாளையத்துக் குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பேற்ற அதே ஆண்டில், அம்மையார் இந்நாட்டை விட்டு இறுதியாகப் புறப்பட்டார். பயின்றவர்கள் பள்ளி திறந்தார்கள். பெரும்பாலும் நகரங்களில் திறந்தார்கள்; கட்டணம் கட்டக் கூடியவர் இருக்கும் தெருக்களில் திறந்தார்கள். பலகையும் கட்டணமும் சேர்ந்த கதை அங்கிருந்து தொடங்குகிறது.

அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் அவர் பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. 1990இல் இத்தாலி தன் ஆயிரம் லிரா நோட்டில் அவர் படத்தைப் போட்டது.

1952 மே 6ஆம் நாள், ஆலந்துக் கடற்கரையில் நோர்ட்விக் என்னும் ஊரில், தோட்டத்தில் உட்கார்ந்து மகனோடு பேசிக் கொண்டிருந்தார். வயது 81. பேச்சு, ஆப்பிரிக்காவைப் பற்றி. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பொற்கரை நாட்டில், பின்னாளில் கானா என்று விடுதலை பெற்றதே அந்த நாட்டில், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப் போகலாமா என்பது. இந்த உடம்போடு நீங்கள் போக முடியாது, நான் போய் வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றார் மாரியோ. அவர் அறைக்குள் சென்று திரும்பி வருவதற்குள் அம்மையார் உயிர் பிரிந்திருந்தது. நோர்ட்விக்கிலேயே அடக்கம் செய்தார்கள்.